பச்சைக்கு நாலு நொடி

சிவப்பு, ஒன்றுமில்லை. பச்சை, இதோ மறுபடியும். கீழே இடது மூலையிலிருந்து நாலு விரல் தள்ளி, கடுகில் கால்வாசிகூட இருக்காது, கறுப்பாக ஒரு புள்ளி. நீலம் வந்ததும் காணோம். வெள்ளையில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கடைசியில் கறுப்பு, கறுப்புக்குள் கறுப்பை எங்கே போய்த் தேடுவது. இருபது நொடி முடிந்தது. மேடையில் விளக்கு மினுக்குகிறது, நல்லது என்றால் வலது தட்டு, கெட்டது என்றால் இடது தட்டு, சீக்கிரம் சொல்லித் தொலை அஞ்சுகம், உனக்காக இன்னும் நானூறு திரை வரிசையில் நிற்கிறது. எல்லாம் கார்களுக்குள் பொருத்துகிற ஏழு இன்ச் திரை. எவனோ ஒருத்தன் வாங்கி அதில் பாட்டு மாற்றுவான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் மாடு நிற்கிறதா என்று பார்ப்பான், கழுத்தைத் திருப்பினால் தெரிகிற மாட்டை. அந்த மகானுக்கு ஒரு புள்ளி குறையக் கூடாதாம். அதற்காக இந்தக் கறுப்புத் துணிக் கூண்டுக்குள் காலை ஆறரையிலிருந்து நான் உட்கார்ந்து சிவப்பையும் பச்சையையும் முறைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே சுவரில் ஒரு போஸ்டர், உங்கள் கண்களே எங்கள் தரம் என்று, ஒரு பொம்பளை முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு ஒரு திரையைப் பிடித்திருக்கிறாள், கையில் விரலுறை இல்லை. விரலுறை இல்லாமல் தொட்டால் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு. போஸ்டர் ஒட்டினவனுக்கு அது தெரியாது. எனக்கு முதல் நாளே தெரிந்தது, சொன்னேன், பயிற்சி கொடுத்த சார் நல்ல கேள்வி என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். போஸ்டர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இது மூன்றாவது திரை. முதல் திரையில் பார்த்தபோது தூசி என்று நினைத்து நல்லதில் போட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், அவசரம். அது தப்பு. தூசி என்றால் சிவப்பிலும் நீலத்திலும்கூடத் தெரியும், பச்சையில் மட்டும் தெரிவது தூசி கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்கு உட்கார்ந்திருக்கிறது, அதில் பச்சை மட்டும் செத்துப்போனால் பச்சை நிறத்தின்போது மட்டும் அந்த இடம் இருட்டாகும். இதைப் பயிற்சியில் ஒன்றரை மணி நேரம் சொன்னார்கள், நான் ஒரு வரியில் சொல்லிவிட்டேன். இரண்டாவது திரையில் அதே இடத்தில் அதே புள்ளி வந்தது. அதே இடத்தில் எப்படி வரும். திரையில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது. அந்த இரண்டாவதை எந்தத் தட்டிலும் போடாமல் மேடைக்கு அடியில் மடிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறேன், அது வேறு முழங்காலில் இடிக்கிறது. அத்தைக்கு நாற்பதிலேயே கண் போயிற்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டிய ஆரத்தியை வீடியோ எடுக்கிறவனுக்கு எடுத்தாள், அவனும் மரியாதையாகக் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டான், எல்லாரும் சிரித்தோம், நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன். எனக்குப் பதினெட்டு. ஹாஸ்டலில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தினமும் எவளோ மேக்கப் போடுவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, அதுதான் கண்ணைத் தின்றிருக்கும். நன்றாக வேண்டும் எனக்கு.

கண் மட்டும் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது. சமையல் வராது, பேச்சு வராது, வந்தாலும் யாருக்கும் பிடிக்காது, பிளஸ் டூவில் எடுத்த மார்க்கை வெளியே சொல்ல முடியாது. குறை கண்டுபிடிக்க மட்டும் வரும். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது அதில் எது கோணல் என்பதுதான். அக்கா நிச்சயதார்த்தப் புடவையை எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தபோது முந்தானையில் ஒரு இழை ஓடியிருக்கிறது என்று சொன்னேன், அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா, உனக்குக் கண்ணா அது ஊசியா, போற எடத்துல குத்தாமத்தான் இரேன் என்பாள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கொடியை ஏற்றினால் கயிறு முறுக்கியிருப்பது எனக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷம் திட்டு வாங்கிக்கொடுத்த கண்ணை இங்கேதான் முதல்முதலாக யாரோ நல்ல கண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அறுபது பேரில் ஒன்பது பேரைத்தான் பார்வை மேடைக்கு எடுத்தார்கள். மற்றவர்கள் நின்றுகொண்டே திருகாணி முடுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி மடிக்க வேண்டும், எட்டு மணி நேரம் அட்டையை மடித்து மடித்து விரல் இடுக்கெல்லாம் வெட்டு. எனக்கு நாற்காலி. சாய்மானம் உள்ள நாற்காலி. இந்த நாற்காலிக்காக நான் என்னவெல்லாம் செய்வேன் என்று எனக்கே போன மாசம்தான் தெரிந்தது, சரி, அதை இப்போது எதற்கு நினைக்கிறேன், விளக்கு மினுக்குகிறது.

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கலாம். மறுபடி ஓட்டுகிறேன். சிவப்பு. பச்சை, இடது கண்ணை மூடு, இருக்கிறது. வலது கண்ணை மூடு, இருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுமா. தலையை ஆட்டு. கண்ணில் இருந்தால் கூடவே ஆடும். ஆடவில்லை. நான் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையை ஆட்டுகிறேன், அது ஆணி அடித்த மாதிரி அங்கேயே இருக்கிறது. அப்பாடா. என் கண் நன்றாக இருக்கிறது. திரைதான் கெட்டது. பின்னாடி எங்கேயோ கண்ணாடியை அழுத்தி ஒட்டுகிற அச்சில் ஏதோ முனை துருத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் குத்துகிறது, அவ்வளவுதான், எவனோ ஒருத்தன் அதைப் பார்க்காமல் அங்கே நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிஷம்கூட இல்லை, அடுத்த திரையை எடுக்கக் கை போனபோது அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தேன். மஞ்சள் சீட்டு என்றால் மாசத்துக்கு ஒரு தடவைதான் ஓடுகிற மாடல். மஞ்சள் சீட்டு. போன மாசமும் மஞ்சள் சீட்டுதான். அன்றைக்கு இந்த மேடையில் நான் இல்லை, அடுத்த கூண்டில் இருந்தேன், இங்கே இருந்தவள் தவமணி. கீழ இடது பக்கம்டி, மூலையிலேருந்து நாலு விரல் தள்ளிப் பாரு. அவள்தான் சொன்னாள். நாலு விரல். இந்தக் கணக்கு என் தலைக்குள் எப்படி வந்தது என்று நினைத்தேன், அவளுடையது.

இங்கே ஒரு சட்டம் உண்டு, எந்த அறிவாளி எழுதினானோ. ஒரு திரை நல்லது என்று சொல்ல ஒருத்தி போதும். கெட்டது என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். சந்தேகம் வந்தால் துணிக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாகப் பக்கத்துக் கூண்டுக்குக் கொடுக்க வேண்டும், அவள் தன் மேடையில் செருகி ஐந்து நிறமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளும் இருக்கிறது என்றால் கெட்டது. இல்லை என்றால் கொடுத்தவள் பேரில் ஒரு கோடு. ஒரு ஷிப்டில் மூன்று கோடு விழுந்தால் நாற்காலி போச்சு. தவமணி அன்றைக்கு மூன்று திரை கொடுத்தாள். மூன்றையும் வாங்கினது நான். தவமணி ஒவ்வொரு திரையையும் கோயிலுக்குப் போனவள் மாதிரி பார்ப்பாள், குனிந்து, மூச்சு விடாமல், எனக்குப் பார்த்தாலே எரியும். டீக்கு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பலகையில் அந்த வாரம் யார் அதிகம் பார்த்தது என்று நட்சத்திரம் ஒட்டுவார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நோட்டில் ஒட்டுகிற அதே நட்சத்திரம், கேவலம், அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. எனக்குப் பன்னிரண்டு திரை குறைந்தது. இவள் வேறு சந்து வழியாக நீட்டுகிறாள். செருகினேன். சிவப்பு வந்தது. பிடுங்கினேன். ஒண்ணுமில்லடி என்று திருப்பிக் கொடுத்தேன். மூன்று தடவையும் அப்படித்தான். பச்சையை நான் பார்க்கவே இல்லை. பார்த்து, தெரியாமல் போயிருந்தால் பரவாயில்லை. பார்க்கவே இல்லை.

பிலோமினா அக்கா வந்தாள், எங்கள் லைன் லீடர், காதில் ஒரு பேனா, பாக்கெட்டில் இரண்டு பேனா, ஒன்றும் எழுதாது. நல்லாப் பாத்தியாடி என்று என்னைக் கேட்டாள். நல்லாத்தான் பாத்தேன்க்கா, அவளுக்குத்தான் கண்ணு போச்சு என்றேன். சொன்ன மாத்திரத்தில் பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள், சிரிப்பு வந்ததும் அது எனக்கே உண்மையாகிவிட்டது. டீ நேரத்தில் புள்ளிமணி என்று பேர் வைத்தது நான்தான். வடையைக் காட்டி, புள்ளிமணி, இதுல ஓட்டை இருக்கு பாரு, கோடு போட்டுக்கோ என்றேன். தவமணி அந்த வடையை வாங்கித் தின்றாள். மறுநாளிலிருந்து பெட்டி மடிக்கிறாள். இரண்டு நாளில் கண் டாக்டர் வந்து அவளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், ஆனாலும் நாற்காலி திரும்பி வரவில்லை, அவள் நாற்காலிக்கு நான் நகர்ந்துவிட்டேன், காற்றாடிக்கு நேராக இருக்கும் என்று நானே கேட்டு வாங்கினேன். ஹாஸ்டலில் ஒரே ரூம். எனக்கு மேல் கட்டில் அவள். முன்பெல்லாம் காலையில் நாலரைக்கு என் கட்டை விரலைப் பிடித்து அழுத்துவாள், நான் உதைப்பேன், மறுபடி அழுத்துவாள், பஸ் வந்துரும்டி எருமை என்பாள். ஒரு மாசமாக அழுத்துவதில்லை. சண்டையும் போடவில்லை, முறைக்கவும் இல்லை, தண்ணி பாட்டிலைக் கேட்டால் தருகிறாள். விரலை மட்டும் அழுத்துவதில்லை. நான் போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். அந்த அலாரச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்போது என்ன செய்வது. மூன்றையும் நல்லதில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியும். கார்க்காரன் கண்டுபிடிக்கவா போகிறான், அவனுக்கு மாடே தெரியாது. ஆனால் எனக்குத் தெரிகிறது. தெரிகிற ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு வராது, நிச்சயதார்த்தத்திலேயே வரவில்லை. அன்றைக்கு இல்லை என்று சொன்னேனே என்றால், அன்றைக்குப் பார்க்கவில்லை, அதனால் சுலபமாக இருந்தது. சரி, சட்டப்படி கொடுப்போம். பக்கத்துக் கூண்டில் ஹேமாவதி, புதுசு, செய்யாறு, வந்து மூன்று வாரம், வாய் மூடாது, வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதில் ஒருத்தி இன்னும் செத்து முடியவில்லை. சந்து வழியாக நீட்டினேன். ஏய் ஹேமா, சந்தேகத் திரை, பச்சையில பாரு என்றேன். அய்ய, உனக்குமா, குடு என்று வாங்கினாள். எங்கள் இரண்டு கூண்டுக்கும் நடுவில் தொங்குகிற கறுப்புத் துணி தரையைத் தொடாது, ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். தரை வேறு பளபளவென்று பீங்கான் தட்டு மாதிரி. சும்மாதான் தரையைப் பார்த்தேன். துணிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் கசிந்து வந்து என் செருப்பு வரைக்கும் நின்றது. அடுத்தது பச்சை வர வேண்டும். வரவில்லை. சிவப்பு அணைந்து தரை இருட்டானது. ஒண்ணுமில்லடி என்று திரை சந்து வழியாகத் திரும்பி வந்தது, கூடவே, அவ அத்தைக்காரி இல்ல, அவ பாயசத்துல என்னமோ கலக்குறா என்று கதையும் வந்தது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு மட்டும்தான் வந்தது. முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த இரண்டாவது திரையை எடுத்து நீட்டினேன். இதையும் பாரு, நிதானமாப் பாரு. உனக்கு இன்னைக்கு என்னடி வந்துச்சு, டீ நேரமாகப் போவுது. சிவப்பு கசிந்தது, அணைந்தது. ஒண்ணுமில்ல. என் பேரில் இரண்டு கோடு. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே புரியவில்லை, காது மட்டும் சூடாகிக்கொண்டு வந்தது. இங்கே உட்கார்ந்தால் அது தெரிகிறது. இந்த நாற்காலியில், இந்தத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவள் எந்த நிறம் வரைக்கும் பார்த்தாள் என்பது தரையில் விழுகிறது. ஒரு மாசமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குச் சந்தேகமே வராததால் இதுவரை பார்க்கவில்லை. தவமணிக்குச் சந்தேகம் வந்தது. தவமணி தரையையும் பார்த்திருப்பாள், எல்லாவற்றையும்தான் அவள் குனிந்து பார்ப்பாளே. சிவப்பு, இருட்டு. சிவப்பு, இருட்டு. சிவப்பு, இருட்டு. மூன்றையும் பார்த்திருப்பாள். எனக்குக் கண் சரியில்லை என்று அவள் ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டாள். நான் பார்க்கவில்லை என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் வடையை வாங்கினாள். தெரிந்துகொண்டுதான் மேல் கட்டிலில் படுத்திருக்கிறாள். பிலோமினா அக்காவிடம் ஏன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கும். கண்ணு போனவ தரையில வெளிச்சம் பாக்குறாளாம் என்றிருப்பேன். நாலு பேர் சிரித்திருப்பார்கள். ச்சீ. நான் எவ்வளவு சாதாரணமான ஒருத்தி. இந்த ஹேமாவதி மாதிரி. இவளைவிட மோசம், இவளுக்காவது நட்சத்திரம் தேவைப்படவில்லை, கதை முடிந்தால் போதும்.

லீடரைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்தினேன். மேலே மஞ்சள் விளக்கு சுற்ற ஆரம்பித்ததும் பிலோமினா அக்கா துணியை விலக்கிக்கொண்டு வந்தாள், வெளிச்சம் மூஞ்சியில் அறைந்தது. என்னடி. அச்சு குத்துதுக்கா, மூணு திரை, ஒரே எடம், மொதல் திரை அந்த நல்லது தட்டுல கெடக்குது, நான்தான் போட்டேன். ஹேமா என்ன சொன்னா. ஹேமாவதி அந்தப் பக்கத்திலிருந்து, ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் பாத்தேன் என்றாள். நல்லாத்தான். அதே சொல், அதே இழுவை, எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பச்சையே வரலக்கா, அவ சிவப்போட பிடுங்கிட்டா என்றேன். ஏய், பொய் சொல்லாத, நீ என்ன என் கூண்டுக்குள்ள வந்து பாத்தியா. அக்கா என்னைப் பார்த்தாள். காதுப் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், இவ்வளவு நாளில் முதல் தடவை. உனக்கு ரெண்டு கோடு ஆயிருச்சு அஞ்சுகம். டீக்குப் போற நேரம். யோசிச்சுப் பேசு. நான் யோசிக்கவில்லை. யோசித்தால் நாற்காலி ஞாபகம் வரும். துணிக்கு அடியில வெளிச்சம் விழும்க்கா, குனிஞ்சு பாருங்க, தெரியும். போன மாசம் தவமணி குடுத்தாளே மூணு, அதை நானும் சிவப்போடதான் பிடுங்கினேன். பச்சை பாக்கல. அவ கண்ணு நல்ல கண்ணு. சொல்லி முடித்ததும் கூண்டு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு வரும். பேனாவைத் திருகி மூடினாள், திறந்தாள். அப்ப இதை இப்ப யாரு பாக்குறது, நீயும் ஆகாது, அவளும் ஆகாது என்றாள். தவமணியக் கூப்பிடுங்க. பெட்டி மடிக்கிறவள வச்சு நான் என்னத்தப் பண்ண. அவ பெட்டி மடிக்கிறது என்னாலதான்க்கா, கூப்பிடுங்க, எந்த எடம்னு மட்டும் சொல்லாதீங்க, அவளே காட்டட்டும். எழுந்து நாற்காலியை விட்டு நகர்ந்து சுவரோடு நின்றேன். நின்றால் இந்தக் கூண்டில் போஸ்டர் பொம்பளை சரியாகத் தலைக்குப் பின்னால் வருகிறாள், பல்லைக் காட்டிக்கொண்டு. தவமணி வந்தாள். விரல்களில் வெள்ளைப் பிளாஸ்திரி, இரண்டு, இல்லை, மூன்று. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், மேடையில் ஓரத்தில் மஞ்சள் சீட்டோடு இருந்த திரையைப் பார்த்தாள், மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ ஓடியது, அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, என் ஊசிக் கண்ணுக்கு. உட்கார்ந்தாள். பிளாஸ்திரிக்கு மேல் விரலுறையை இழுத்து மாட்டினாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாக, அய்யோ மாட்டித் தொலையேன் என்று பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். செருகினாள். கூண்டு முழுக்கச் சிவப்பானது. அவள் கன்னம், பிலோமினா அக்காவின் பேனா, என் கை, எல்லாம் சிவப்பு. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னடி, தெரியுதா என்றாள். தவமணி குனிந்தபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சை வரட்டும்க்கா என்றாள்.